அவள் சொல்லாத பச்சையம்

அப்பாவுக்கும் அம்மாவுக்கும் காது கேட்காது. ரேஷன் கடையில் என்ன இல்லையென்று சொன்னார்கள், டாக்டர் மாத்திரையை எத்தனை வேளை போடச் சொன்னார், எல்லாவற்றையும் கையால் சொல்வது ஏழு வயதிலிருந்தே என் வேலை. அதனால், எங்கள் பக்கத்துப் பள்ளி ஒன்றில் சைகை மொழிபெயர்ப்பாளர் தேவை என்று கேள்விப்பட்டுப் போனபோது, "சர்டிபிகேட் இருக்காம்மா?" என்று தலைமையாசிரியர் கேட்டதும் எனக்குக் கோபம்தான் வந்தது. தாய்ப்பாலுக்கு ரசீது கேட்பார்களா? வேறு ஆள் கிடைக்காததால், சீக்கிரம் படித்து வாங்கிவிட வேண்டும் என்று சொல்லிச் சேர்த்துக்கொண்டார்கள்.

ஏழாம் வகுப்பில் ஒரு பெண். அறிவியல் டீச்சர் ஒளிச்சேர்க்கை நடத்திவிட்டு அவளிடம் கேள்வி கேட்டார். அவள் கைகள் சொன்னது இவ்வளவுதான்: இலை, வெயில் வாங்கும், சாப்பாடு தானே செய்யும். நான் குரல் கொடுத்தேன்: "இலையில் உள்ள பச்சையம் சூரிய ஒளியின் உதவியோடு, நீரையும் கார்பன் டை ஆக்சைடையும் கொண்டு உணவு தயாரிக்கிறது, டீச்சர்." டீச்சருக்கு ஒரே சந்தோஷம். அந்த வாக்கியத்தை அப்படியே கரும்பலகையில் எழுதிப் பக்கத்தில் அவள் பெயரையும் போட்டார். அவள் அதைப் படித்துவிட்டு என் பக்கம் திரும்பினாள். 'பச்சையம்? நான் சொல்லலையே.'

சிரித்து மழுப்பிவிட்டேன். அடுத்த தேர்வில் அதே கேள்விக்கு அவள் பாதி மதிப்பெண் வாங்கியபோதுதான் உறைத்தது. அவளுக்கு எது தெரியாது என்பதை டீச்சரிடமிருந்து மாதக்கணக்கில் மறைத்து வைத்திருந்தவள் நான்தான். வீட்டில் அம்மா சொல்வதோடு நாலு வார்த்தை சேர்த்துச் சொன்னால் காரியம் நடக்கும். வகுப்பில் அதே பழக்கம் ஒரு குழந்தையின் படிப்பைக் கெடுக்கும்.

பிறகுதான் இந்திய சைகை மொழிபெயர்ப்பு டிப்ளமோவில் சேர்ந்தேன். இரண்டு ஆண்டுப் படிப்பு, பிளஸ் டூ முடித்திருக்க வேண்டும். முதல் வாரமே காது கேளாத ஆசிரியர் ஒருவர் என் சைகையைப் பார்த்துவிட்டு, 'இது உங்கள் வீட்டுச் சைகை' என்றார். பாதி உண்மை. கேள்விச் சொல் வாக்கியத்தின் கடைசியில் வரும், புருவமும் இலக்கணம்தான் என்பதெல்லாம் என் கைக்குத் தெரியும். ஏன் என்று தெரியாது.

சேர நினைப்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியது, நிறுவனத்துக்கு இந்திய மறுவாழ்வு கவுன்சிலின் அனுமதி இருக்கிறதா என்பதை. ஒரு மாதத்தில் சான்றிதழ் தருகிறோம் என்பவர்களிடம் சைகை கற்றுக்கொள்ளலாம், தப்பில்லை. தொழிலுக்கு அது உதவாது. படித்து முடித்ததும் கவுன்சிலின் மையப் பதிவேட்டில் பதிய வேண்டும். 1992ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வரும் பதிவு அது. பயிற்சிப் புள்ளிகள் சேர்த்து அவ்வப்போது புதுப்பிக்கவும் வேண்டும். எல்லாரும் கடைசி நேரத்தில்தான் புள்ளிக்கு அலைகிறார்கள். என்னைப் போல வீட்டிலேயே சைகையோடு வளர்ந்தவர்களுக்கு, தெரிந்ததைச் சோதித்துச் சான்று தரும் ஏற்பாடும் உண்டு. டெல்லியில் 2015இல் தொடங்கிய இந்திய சைகை மொழி ஆராய்ச்சி, பயிற்சி மையத்தில் விசாரியுங்கள்.

என் குறை ஒன்று. கையில் இருக்கும் டிப்ளமோ கோர்ட்டுக்கும் அதுதான், ஆஸ்பத்திரிக்கும் அதுதான், ஆறாம் வகுப்புக்கும் அதுதான். அமெரிக்காவில் பள்ளி மொழிபெயர்ப்பாளருக்கென்றே ஒரு தேர்வு வைத்திருக்கிறார்கள். வகுப்பறைப் பேச்சைச் சைகையாக்குவதையும், ஒரு மாணவரின் சைகைக்குக் குரல் கொடுப்பதையும் பார்த்து, பூஜ்யத்திலிருந்து ஐந்து வரை மதிப்பெண் போடுகிறார்கள். பல மாநிலங்களில் 3.5 அல்லது 4 வாங்கினால்தான் வேலை. என் பச்சையத்துக்கு அங்கே என்ன கிடைத்திருக்கும் என்று அடிக்கடி நினைத்துக்கொள்வேன்.

பள்ளிக்குப் போனதும் முதல் நாளே தலைமையாசிரியரிடம் பேச வேண்டியது ஒன்று உண்டு: சிறப்பாசிரியர் வேறு, நாம் வேறு. பாடம் சொல்லிக்கொடுப்பது அவர் வேலை, பேச்சைக் கடத்துவது நம் வேலை. இதைச் சொல்லாவிட்டால் டீச்சர் லீவு போடும் நாளில் வகுப்பை நம் தலையில் கட்டுவார்கள். அடுத்த நாள் பாடத்தை முந்தைய சாயங்காலமே வாங்கிக்கொள்ளுங்கள். புதுச் சொல்லுக்குச் சைகை தெரியாவிட்டால் நீங்களாக உருவாக்காதீர்கள். டெல்லி மையத்தின் அகராதியில் 10,000 சொற்களுக்கு மேல் இருக்கின்றன. அதிலும் இல்லையென்றால் விரலால் எழுத்துக்கூட்டுங்கள். படிப்பில் நான் கற்ற விரலெழுத்து ஆங்கில அகரவரிசைக்கானது. தமிழ்வழி வகுப்பில் அது தடுக்கும். நான் தாளில் எழுதிக் காட்டிவிடுவேன்.

டீச்சர் கரும்பலகையில் படம் வரைந்துகொண்டே பேசினால், குழந்தை படத்தைப் பார்ப்பதா, நம் கையைப் பார்ப்பதா? "வரைஞ்சுட்டு அப்புறம் சொல்லுங்க டீச்சர்" என்று கேட்க எனக்கு ஒரு பருவம் பிடித்தது. கேட்டதும் சரியென்றார். கையும் சைகையும் தெளிவாகத் தெரிய வேண்டும் என்பதால், வகுப்பில் வளையல்கள் கைப்பையில் இருக்கும். பூப்போட்ட புடவைகள் கல்யாணத்துக்கு மட்டும்.

அந்தப் பெண் இப்போது மேல் வகுப்பில் படிக்கிறாள். நான் குரல் கொடுக்கும்போது என் வாயையே பார்த்துக்கொண்டிருப்பாள், மளிகைக்கடை பில்லைச் சரிபார்ப்பது போல. போன வாரம் பாதியில் கையைத் தூக்கி நிறுத்தினாள். 'ஒரு வார்த்தை விட்டுட்டீங்க.'