தேனீப்பெட்டி: மரமா, மண்ணா, தெர்மக்கோலா?

தேனீ வளர்ப்பைத் தொழிலாக எடுக்க வருகிறவர்கள் முதலில் கேட்பது, “எந்தப் பெட்டி வாங்கலாம்?” என்றுதான். கடைக்காரரும் விலைப்பட்டியலை நீட்டிவிடுவார். பெட்டி வைக்கப்போகிற இடத்தில் ஏற்கெனவே யார் யார் குடியிருக்கிறார்கள் என்பதை அதற்கு முன்னால் விசாரித்துவிடுங்கள். குமரி மாவட்ட ரப்பர் தோட்டம் என்றால் எறும்பும் மரநாயும். கோத்தகிரிப் பக்கம் கரடி. சமவெளித் தோப்பில் கரையான், ஓணான். இடத்தைப் போலவே, பெட்டி செய்த பொருள் மாறினாலும் எதிரி மாறுவான், அவ்வளவுதான்.

இன்னொன்றும் மனத்தில் இருக்கட்டும். நாம் பெரும்பாலும் வளர்ப்பது இந்தியத் தேனீ. இத்தாலியத் தேனீ போல இது பிசின் கொண்டுவந்து விரிசலை அடைக்காது. தொல்லை மிஞ்சினால் ராணியோடு குடும்பமே கிளம்பிவிடும். பெட்டியில் ஒரு கீறல்கூட இருக்காது, உள்ளேதான் ஆள் இருக்காது. நஷ்டம் பெரும்பாலும் இப்படித்தான் வருகிறது.

1910களில் நியூட்டன் பாதிரியார் வடிவமைத்த சிறிய மரப்பெட்டிதான் தென்னாட்டில் இன்றும் பரவலாக ஓடுகிறது. தேக்கு, பலா இரண்டும் நம்பகமானவை. மலிவு என்று பதப்படுத்தாத ரப்பர் பலகையில் செய்தால் துளைப்பான் வண்டு சீக்கிரமே மாவாக்கிவிடும். பெயின்ட் வெளிப்பக்கம் மட்டும். உள்ளே ஒரு சொட்டும் படக்கூடாது. மரக்கால்களை நேராக மண்ணில் ஊன்றுவது கரையானுக்கு ஏணி போட்டுக் கொடுப்பது. இரும்புத் தாங்கியோ கல்தூணோ போடுங்கள். மரக்கால்தான் என்றால் முந்திரிக்கொட்டை எண்ணெய் பூசலாம், காலுக்கு மட்டும்.

மரப்பெட்டியின் பெரிய எதிரி மெழுகு அந்துப்பூச்சி. இரவில் நுழைந்து, பலகைகள் சேரும் இடுக்கில் முட்டையிட்டுப் போய்விடும். புழு அடைக்குள் சுரங்கம் தோண்டி, போகிற வழியெல்லாம் நூலாம்படை விரிக்கும். மூடியைத் திறந்து அடையைத் தூக்கிப் பாருங்கள்: தேனீப் புழு அறைகளின் மூடி ஒரே வரிசையாகத் திறந்து, வெள்ளைத் தலைகள் வெளியே தெரிந்தால் அடியில் அந்துப்புழு ஓடுகிறது. அடிப்பலகையில் கடுகை நொறுக்கியதுபோல் கறுப்புத் துகள் கிடந்தால் சந்தேகமே வேண்டாம். அந்துப்பூச்சி விரும்புவது கறுத்துப்போன பழைய அடையைத்தான். ஆகவே பழைய அடைகளை அவ்வப்போது கழியுங்கள். தேனீ போர்த்தியிருக்காத அடையைப் பெட்டிக்குள் விட்டுவைக்காதீர்கள். அடிப்பலகையை வாரம் ஒருமுறை சுரண்டித் துடையுங்கள். எடுத்துவைக்கும் அடைகளைப் பாலித்தீன் பையில் கட்டி இரண்டு நாள் ஃப்ரீசரில் வைத்தால் முட்டை முதல் புழு வரை எல்லாம் சாகும். கந்தகப் புகை புழுவைக் கொல்லும், முட்டையைக் கொல்லாது. மறுபடியும் புகை போட வேண்டும். அந்துருண்டை கூடவே கூடாது. நாற்றம் மெழுகில் ஏறி, தேனையும் கெடுத்துவிடும்.

மண்பானையைப் புழு துளைக்காது, கரையான் அரிக்காது. ஆனால் உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்க வழியில்லை. குரங்கு தட்டிவிட்டால் கதை முடிந்தது. கொசுத்தேனீ வளர்க்கத்தான் பானை பொருத்தம். அது தன் வாசலையும் விரிசலையும் பிசினால் தானே கட்டிக்கொள்ளும். குடும்பத்தைப் பிரிக்கிற அன்றுதான் ஆபத்து: சிந்திய தேனுக்கும் மகரந்தத்துக்கும் எறும்பும் கூன்முதுகு ஈயும் வந்துவிடும். சிந்தியதைத் துடைத்து, மூட்டுகளை அன்றே களிமண்ணாலோ டேப்பாலோ அடைத்துவிடுங்கள்.

தெர்மக்கோல் பெட்டி எடை குறைவு, வெயில் தாங்கும். ஆனால் எறும்பு அதற்குள்ளேயே கூடு கட்டும், எலி கொறிக்கும், அந்துப்புழு சுவரையே குடையும். வெளியே கெட்டியான பூச்சு வேண்டும், காற்றில் கவிழாமல் பட்டையால் கட்டவும் வேண்டும். என்னைக் கேட்டால் புதியவருக்கு வேண்டாம். பிளாஸ்டிக் பெட்டியில் கரையான் பயமில்லை; மழைக்காலத்தில் உள்ளே வியர்த்துக் கொட்டும், அதனால் காற்றுத் துளை அவசியம், துளைக்குக் கம்பிவலை அவசியம். சிமென்ட் பெட்டியை எதுவும் அசைக்காது. நீங்களும் அசைக்க முடியாது. ரப்பர் துளிர்க்கும் பருவத்தில் லாரியேற்றிக் கேரளத்துக்குப் பெட்டி கொண்டுபோகும் மார்த்தாண்டத்துக்காரர்களிடம் அதைச் சொன்னால் சிரிப்பார்கள்.

எந்தப் பெட்டியானாலும் கால்தான் கோட்டை. தாங்கியின் கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்துங்கள். கிண்ணம் காய்ந்தாலும், ஒரு சருகு விழுந்து பாலமானாலும், அருகில் ஒரு புல் பெட்டியைத் தொட்டாலும் எறும்பு ஏறிவிடும். தண்ணீரில் கொஞ்சம் பழைய ஆயில் விட்டால் கொசுவும் முட்டையிடாது. எறும்புச் சாக்பீஸ், மருந்துப் பொடி எதையும் பெட்டிப் பக்கம் கொண்டுவராதீர்கள், தேனீயும் பூச்சிதான். பஞ்ச காலத்தில் சர்க்கரைப் பாகு கொடுப்பதானால் பொழுது சாய்ந்த பிறகு, பெட்டிக்குள்ளே, சிந்தாமல். பெட்டி இடுப்புயரத்தில் இருந்தால் இரவில் வாசலில் வந்து உட்காரும் தேரைக்கு எட்டாது. மூடிக்கு அடியில் பல்லி இருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள். கதண்டு சுற்றும் மாதங்களில் வாசலைக் குறுக்கி, பக்கத்திலுள்ள அதன் கூட்டைத் தேடுங்கள். கூட்டை நீங்களே கலைக்கப் போகாதீர்கள், தீயணைப்புத் துறையைக் கூப்பிடுங்கள்.

பஞ்சுருட்டான், கரிச்சான் குருவிகளை விரட்டி மாளாது. மரத்தடி நிழலுக்குப் பெட்டியை மாற்றுங்கள். மரநாய்க்கு மூடியை இறுக்கிக் கம்பியால் கட்டினால் போதும். கரடிக்கு எந்தப் பலகையும் தாங்காது. மலைத்தோட்டத்தில் பேட்டரியில் ஓடும் சோலார் வேலிதான் ஒரே வழி, அதையும் வனத்துறையிடம் கேட்டுவிட்டுப் போடுங்கள். வீட்டு மின்சாரத்தை நேரடியாக வேலிக் கம்பியில் கொடுப்பது குற்றம். யானையும் சாகும், கூலிக்கு வந்தவரும் சாவார்.

கையில் காசு குறைவு என்று பழைய பெட்டி வாங்குகிறீர்களா? கத்தி முனையால் மூலைகளைக் குத்திப் பாருங்கள். உள்பலகையில் படகு வடிவப் பள்ளங்கள் தெரிந்தால் அந்துப்புழு கூட்டுப்புழுவாகிப் போன இடம். சுரண்டி, புளோ லாம்பால் லேசாகக் கருக்கிவிட்டுப் பயன்படுத்தலாம். பழைய அடையையும் சேர்த்துத் தருகிறேன் என்றால் மட்டும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.