பிடித்திருப்பது மரை அல்ல, ரப்பர்

ஞாயிற்றுக்கிழமை காலை. பழைய ஆயில் முழுக்க ட்ரேயில் வடிந்துவிட்டது. புது ஆயில் டப்பா சீல் பிரிக்காமல் காத்திருக்கிறது. ஃபில்டர் மட்டும் அசையவில்லை. வெறுங்கையால் திருகியாயிற்று, துணி சுற்றித் திருகியாயிற்று, உள்ளங்கை சிவந்ததுதான் மிச்சம். வீட்டிலேயே ஆயில் மாற்றும் பழக்கமுள்ளவர்கள் பெரும்பாலும் ஒரு முறையாவது இந்த இடத்தில் வந்து நின்றிருப்பார்கள். அந்த நேரம் பார்த்து அக்கம்பக்கத்தில் ஆளுக்கொரு வழி சொல்வார்கள். எல்லாம் நல்ல மனத்தோடு சொல்வதுதான். ஆனால் அவற்றில் சில, ஃபில்டரோடு சேர்த்து இன்ஜினுக்கும் செலவு வைப்பவை. அதனால்தான் இந்த முறை இதை எடுத்துக்கொண்டேன்.

எந்த ஃபில்டர் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். பழைய 100 சிசி வண்டிகள் பலவற்றில் காகித ஃபில்டரே கிடையாது. சுழற்சியில் அழுக்கை ஒதுக்கும் ஓர் ஏற்பாடும் ஒரு சல்லடையும்தான். பல்சர், கிளாசிக் 350 போன்றவற்றில் காகித ஃபில்டர் இன்ஜினுக்குள்ளேயே ஒரு மூடிக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும். மூடியின் போல்ட்டுகளைக் கழற்றி அதை வெளியே எடுக்க வேண்டும். மூன்றாவது வகைதான் நம் விஷயம்: காகிதம், கூடு, ரப்பர் எல்லாம் ஒரே இரும்பு டப்பாவாக வந்து, அப்படியே திருகி மாட்டுவது. அமெரிக்காவின் விக்ஸ் நிறுவனம் 1954இல் கொண்டுவந்த வடிவம் இது. இன்டர்செப்டர் 650, நிஞ்சா 650 போன்ற வண்டிகளில் இருப்பது இதுதான். டப்பாவோடு தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதை மாட்டலாம் என்பது இதன் வசதி. இறுகிப்போனால் பிடித்து நெம்ப ஒரு போல்ட் தலைகூட இல்லை என்பது இதன் தொல்லை.

டப்பாவின் அடியில் கனமான ஒரு தட்டு. அதன் நடுவில் மரை போட்ட துளை. அதைச் சுற்றி வட்டமாகச் சின்னத் துளைகள். விளிம்பில் ஒரு ரப்பர் வளையம். அழுக்கு ஆயில் சுற்றுத் துளைகள் வழியாக உள்ளே போய், காகிதத்தில் வடிந்து, நடுத்துளை வழியாக இன்ஜினுக்குத் திரும்புகிறது. இந்தப் படத்தை மனத்தில் வைத்துக்கொண்டால் கீழே வரும் நம்பிக்கைகளில் பாதி தானாகவே உதிர்ந்துவிடும்.

நம்பிக்கை: மரை துருப்பிடித்து இறுகிவிட்டது. டபிள்யூ.டி. 40 அடித்து அரை மணி நேரம் ஊறவிட்டால் கழன்றுவிடும்.

இதைத்தான் முதலில் சொல்வார்கள். இதுதான் முதல் தவறும். அந்த மரை மாதக்கணக்கில் ஆயிலிலேயே குளித்துக்கொண்டிருக்கிறது. அங்கே துரு எப்படி வரும்? பிடித்துக்கொண்டிருப்பது ரப்பர் வளையம். நகர நெரிசலில் ஆயிலின் சூடு 100 டிகிரியை ஒட்டிப் போகும், இரவில் ஆறும், மறுநாள் மீண்டும் ஏறும். இப்படி ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் ஓடும்போது, அமுங்கிய நிலையிலேயே ரப்பர் கெட்டிப்பட்டு, இன்ஜின் முகப்பின் நுண்ணிய கோடுகளுக்குள் படிந்து அப்பிக்கொள்கிறது. மாட்டியபோது இருந்த இறுக்கத்தைவிடக் கழற்றும்போது அதிக பலம் தேவைப்படுவது இதனால்தான். ஸ்ப்ரே அந்த இடுக்குக்குள் போகாது. போகக் கூடாதென்றுதானே அந்த வளையமே அங்கே இருக்கிறது! ஸ்ப்ரேயால் நடப்பது ஒன்றே ஒன்று: டப்பா மேல் வழிந்து, இருந்த கொஞ்சப் பிடிப்பையும் வழுக்கலாக்கும். காற்றில் பறந்து டயரிலோ பிரேக் டிஸ்க்கிலோ பட்டால் அது வேறு ஆபத்து.

ஆகவே முதல் வேலை நேர் எதிரானது. டப்பாவைப் பாத்திரம் கழுவும் சோப்புநீரால் துடைத்து, எண்ணெய்ப் பிசுக்கே இல்லாமல் காயவிடுங்கள். பழைய சைக்கிள் டியூபில் ஒரு துண்டு வெட்டி, டப்பாவின் மேல் இறுக்கமாகச் சுற்றித் திருகிப் பாருங்கள். உப்புத்தாளின் சொரசொரப்பான பக்கம் டப்பாவைத் தொடும்படி சுற்றினாலும் சரி. இவ்வளவிலேயே கழன்றுவிட்ட ஃபில்டர்கள் என் கையில் நிறைய.

நம்பிக்கை: இடப்பக்கம் திருப்பினால் கழலும், இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

நிறைய இருக்கிறது. இறுகிய ஃபில்டர்களில் சில, கழற்றுவதாக நினைத்து இன்னும் இறுக்கப்பட்டவை. சில வண்டிகளில் டப்பா தரையைப் பார்த்துத் தொங்கும், சிலவற்றில் முன் சக்கரத்தைப் பார்த்து நிற்கும். நாம் மேலிருந்தோ பின்பக்கமிருந்தோ கையை வளைத்து உள்ளே விடுகிறோம். அப்போது நம் கண்ணுக்குத் திசை தலைகீழாகிவிடும். டப்பாவின் மூடிய முனையை நேருக்கு நேர் பார்த்தால் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசை. அதே டப்பாவை இன்ஜின் பக்கமிருந்து பார்த்தால் கடிகார முள் சுற்றும் திசை. சந்தேகம் வந்தால் கணக்குப் போட்டுக் குழம்ப வேண்டாம். ஒரு மார்க்கரால் டப்பாவின் முனையிலேயே அம்புக்குறி போட்டுவிடுங்கள். நான் இன்றும் ஒவ்வொரு முறையும் போடுகிறேன்.

நம்பிக்கை: வேறு வழியில்லை என்றால் திருப்புளியைக் குறுக்கே குத்தித் திருகிவிடலாம்.

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் என் வண்டிக்கே நடந்தது. அதற்கு முந்தைய சர்வீஸை ஒரு பட்டறையில் விட்டு எடுத்திருந்தேன். ஃபில்டரைக் கருவி போட்டு இறுக்கியிருக்கிறார்கள். வீட்டில் நான் எவ்வளவு முயன்றும் அசையவில்லை. கூட இருந்த மச்சான், "ஒரு நீளத் திருப்புளியும் சுத்தியலும் கொடு மாப்ள, ஒரே குத்து" என்றான். கொடுத்தேன். இரண்டு அடியில் திருப்புளி இந்தப் பக்கம் நுழைந்து அந்தப் பக்கம் வந்தது. கறுப்பு ஆயில் முழங்கை வரை வழிந்தது. இரண்டு பேரும் சேர்ந்து நெம்பினோம். ஃபில்டர் திரும்பவில்லை, டப்பாதான் கிழிந்தது. மீன் டின்னைத் திறந்ததுபோல் தகடு சுருண்டு வந்தது. ஓரமெல்லாம் பிளேடுக் கூர்மை. மச்சானின் கட்டைவிரலில் ரத்தம். உள்ளே ஈரக் காகிதம் கொசகொசவென்று தொங்கியது. அடித்தட்டு மட்டும் இருந்த இடத்தைவிட்டு அணுவும் நகரவில்லை.

காரணம் எளிது. டப்பாவின் உடம்பு மெல்லிய தகடு, அடித்தட்டு கனமான இரும்பு. இறுக்கம் அடித்தட்டில் இருக்கிறது, நாம் பலம் கொடுப்பது தகட்டில். மெலிந்ததுதான் தோற்கும். இன்னொரு ஆபத்தும் உண்டு. இன்ஜினிலிருந்து மரை போட்ட ஒரு குழாய் டப்பாவின் நடுவில் உள்ளே நீண்டிருக்கும். அடிப்பக்கத்துக்குக் கிட்டே குத்தினால் திருப்புளி அந்தக் குழாயிலேயே போய் இடிக்கும். ஃபில்டர் சில நூறு ரூபாய். அந்த மரை கெட்டால் செலவு வேறு கணக்கு. திருப்புளி குத்திக் கழன்ற கதைகளும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் குத்திய நொடியிலிருந்து வண்டியை ஸ்டார்ட் செய்யவே முடியாது, அழுத்தத்தில் ஆயில் வெளியே பீறிடும். கழலாவிட்டால் பட்டறைக்கு ஓட்டிக்கொண்டு போகும் வழியும் அடைபட்டுவிடுகிறது. அதனால்தான் வேண்டாம் என்கிறேன்.

ஏற்கெனவே கிழித்துவிட்டவர்களுக்கு வழி இருக்கிறது. எங்கள் தெருமுனைப் பட்டறை அண்ணன் அன்று செய்துகாட்டியது இது. முதலில் கையுறை போட்டுக்கொண்டு தொங்கும் தகட்டையும் காகிதத்தையும் வெட்டி எடுத்தார். அடித்தட்டும் அதன் சுற்றுத் துளைகளும் முழுதாகத் தெரிந்தன. முனை மழுங்கிய சின்ன உளி ஒன்றை ஒரு துளையின் ஓரத்தில் சாய்த்து வைத்து, கழலும் திசை பார்த்துச் சுத்தியலால் டொக் டொக்கென்று தட்டினார். நாலு தட்டு, அடுத்த துளை, மறுபடி நாலு தட்டு. "ஓங்கி அடிக்கக் கூடாது தம்பி. அதிர்ச்சி கொடுத்தா ரப்பர் தானா விட்டுரும்" என்றார். ஐந்தாவது துளையில் தட்டு ஒரு நூல் நகர்ந்தது. அப்புறம் விரலாலேயே சுற்றி எடுத்துவிட்டார். அவர் கண் முழுக்க ஒரே இடத்தில் இருந்தது: உளி நழுவி இன்ஜினின் அலுமினிய முகப்பில் கீறல் விழுந்துவிடக் கூடாது. அங்கே கீறல் விழுந்தால் எந்தப் புது ஃபில்டர் போட்டாலும் கசியும்.

நம்பிக்கை: கப் ரென்ச் இருந்தால் எந்த ஃபில்டரும் கழலும்.

மூடிபோல டப்பாவின் முனையில் கவிழும் இந்தக் கருவி நல்லதுதான், அளவு சரியாக இருந்தால். 65 மில்லிமீட்டர், 14 பட்டை என்பது மோட்டார் சைக்கிள் ஃபில்டர்களில் பரவலான அளவு. கொஞ்சம் தளர்வாக இருந்தாலும் பட்டைகளை மழித்துவிட்டு வெறுமனே சுற்றும். அளவு சரியாக இருந்தும் அசையாவிட்டால் கருவியை மாற்றுங்கள். ஸ்ட்ராப் ரென்ச், அதாவது பட்டை சுற்றிப் பிடிப்பது, இங்கே கை கொடுக்கும். 65 மில்லிமீட்டர் டப்பாவைக் கையால் திருகும்போது நமக்குக் கிடைக்கும் நெம்புகோல் மூன்றேகால் சென்டிமீட்டர்தான். 20 சென்டிமீட்டர் கைப்பிடி சேர்ந்தால் அதே பலம் ஏறக்குறைய ஆறு மடங்கு. பட்டையை டப்பாவின் நடுவில் மாட்டாதீர்கள். எவ்வளவு முடியுமோ அவ்வளவு அடித்தட்டுக்கு நெருக்கமாக மாட்டுங்கள். நடுவில் மாட்டினால் டப்பா நசுங்கும். செயின் ரென்ச்சுக்கும் இதே விதிதான். அது பிடித்தால் டப்பாவில் தழும்பு விழும், தூக்கிப் போடப்போகிற டப்பாதானே. சில கம்பெனிகள் டப்பாவின் முனையிலேயே 17 மில்லிமீட்டர் நட் வைத்து விற்கின்றன. சாதாரண ஸ்பேனர் போதும். அந்த நட் கழற்றுவதற்கு மட்டும். மாட்டும்போது அதைத் தொடாதீர்கள்.

நம்பிக்கை: இன்ஜின் கொதிக்கக் கொதிக்க இருக்கும்போதுதான் கழலும்.

இதில் பாதி உண்மை. வெதுவெதுப்பில் ஆயில் நன்றாக வடியும், ரப்பரும் சற்று இளகும். ஆயிலை வடிக்கும் முன் இரண்டு மூன்று நிமிடம் ஓடவிட்டால் அதற்குப் போதும். பல வண்டிகளில் ஃபில்டருக்குப் பக்கத்திலேயே சைலன்சர் குழாய் போகிறது. ஊர் சுற்றிவிட்டு வந்து உடனே கையை விட்டால் தோல் உரியும். லைட்டரையோ கேஸ் டார்ச்சையோ ஃபில்டரில் காட்டச் சொல்பவர்களையும் பார்த்திருக்கிறேன். ஆயில் சொட்டும் இடம், மேலே பெட்ரோல் டேங்க். தயவுசெய்து வேண்டாம்.

நம்பிக்கை: நன்றாக இறுக்கினால்தான் கசியாது.

இன்று கழலாத ஃபில்டருக்கு, போன முறை மாட்டியவரின் இந்த நம்பிக்கைதான் பெரும்பாலும் காரணம். ரப்பர் வளையம் அமுங்கினாலே ஆயில் நின்றுவிடும், நசுங்க வேண்டியதில்லை. ரப்பர் இன்ஜின் முகப்பைத் தொட்டபின் முக்கால் சுற்று என்று பெரும்பாலான ஃபில்டர் பெட்டிகளில் அச்சிட்டிருக்கும். மரையின் இடைவெளி 1.5 மில்லிமீட்டர் என்றால் முக்கால் சுற்றில் டப்பா முன்னேறுவது ஒரு மில்லிமீட்டருக்குச் சற்றே அதிகம். அவ்வளவுதான் அந்த ரப்பருக்கு வேண்டியது. டார்க் ரென்ச் வைத்திருப்பவர்கள் தங்கள் வண்டியின் கையேட்டைப் பார்த்துக்கொள்ளுங்கள்; யமஹா வண்டிகள் பலவற்றுக்கு 17 நியூட்டன் மீட்டர், ஹோண்டா வண்டிகள் பலவற்றுக்கு 26. ஒன்றுக்குச் சொன்னதை இன்னொன்றுக்கு வைக்கக் கூடாது.

மாட்டுவதற்கு முன் புது ஆயிலில் விரலை நனைத்து ரப்பர் வளையம் முழுக்கத் தடவுங்கள். உலர்ந்த ரப்பர் இழுபட்டுச் சுருளும், அப்பிக்கொள்ளும், அடுத்த முறை மறுபடி இதே பாடு. கிரீஸ், எம்சீல், கேஸ்கெட் பேஸ்ட் எதுவும் வேண்டாம்; பேஸ்ட் துணுக்கு உள்ளே போனால் ஆயில் வழியை அடைத்துவிடும்.

மாட்டுவதற்கு முன் பார்க்க வேண்டியது இன்னொன்றும் உண்டு. இறுகிக் கழன்ற ஃபில்டரில் இதுதான் மிகவும் முக்கியம். கழற்றிய டப்பாவைத் திருப்பி, அதில் ரப்பர் வளையம் இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் அது இன்ஜினிலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறது. கறுத்துத் தட்டையாகக் கிடப்பதால் கண்ணுக்குச் சட்டென்று தெரியாது. நகத்தால் சுற்றிலும் வருடிப் பாருங்கள். அதன் மேலேயே புதிதை மாட்டினால் ரப்பர் மேல் ரப்பர் நிற்காது. ஷெட்டில் நிற்கும்போது கசியாத வண்டி, நெடுஞ்சாலையில் அழுத்தம் ஏறும்போது ஒரேயடியாக ஆயிலைக் கொட்டும். கொட்டும் இடம் பின் டயருக்கு முன்னால்.

டிரெயின் போல்ட்டை மாட்டி, புது ஆயில் ஊற்றி, இரண்டு நிமிடம் ஓடவிட்டு நிறுத்துங்கள். ஃபில்டரின் விளிம்பைச் சுற்றி ஒரு வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள். ஆயில் மட்டத்தையும் பாருங்கள். புது ஃபில்டர் கொஞ்சம் குடித்திருக்கும். பழைய ஆயிலையும் ஃபில்டரையும் சாக்கடையில் போடாமல் டப்பாவில் அடைத்துப் பட்டறையில் கொடுத்துவிடுங்கள், பழைய ஆயில் எடுக்க அவர்களிடம் ஆள் வருவார்கள். புது ஃபில்டரின் முனையில் தேதி, கிலோமீட்டர், கழற்றும் திசைக்கு ஓர் அம்புக்குறி. மார்க்கர் கையில் இருக்கும்போதே எழுதிவிடுங்கள்.