கைவிடப்பட்ட மென்பொருளுக்கு மறுவாழ்வு: தெரிந்துகொள்வோம்

போனில் சாட் திறந்திருக்கிறது. நீங்கள் எதையும் தொடவில்லை. புதுச் செய்தி தானாக வந்து விழுகிறது. கிரிக்கெட் ஸ்கோரும் அப்படித்தான், ரெஃப்ரெஷ் பண்ணாமலே ஏறுகிறது. இது எப்படி நடக்குதுன்னு யோசிச்சிருக்கீங்களா?

சாதாரண இணையப் பக்கம் கடிதப் போக்குவரத்து மாதிரி. நாம் கேட்டால்தான் சர்வர் பதில் தரும். உடனடித் தகவலுக்கு அது போதாது. போன் அழைப்பு போல, இரண்டு பக்கமும் எப்போது வேண்டுமானாலும் பேசக்கூடிய திறந்த இணைப்பு தேவை. அதற்கான ஒரு வழிமுறைதான் வெப்சாக்கெட். இதன் தரநிலை 2011 டிசம்பரில் ஆர்.எஃப்.சி. 6455 என்ற எண்ணில் வெளியானது.

உலகெங்கும் பயன்படும் அப்பாச்சி வெப் சர்வருக்கு இந்த வசதியைத் தர, ‘அப்பாச்சி வெப்சாக்கெட்’ என்ற ஓப்பன் சோர்ஸ் மாட்யூலை ஒரு புரோகிராமர் எழுதினார். மாட்யூல் என்றால் சர்வரோடு சேர்த்துக்கொள்ளும் கூடுதல் பகுதி. பிறகு அவர் அதைக் கவனிப்பதை நிறுத்திவிட்டார். வேறொருவர் அதன் நகலை எடுத்து வேலையைத் தொடர்ந்தார். இப்படிப்பட்ட மறுவாழ்வில் என்னென்ன வேலை இருக்கிறது? படிப்படியாகப் பார்க்கலாம்.

1. உரிமம் பார்ப்பது

ஓப்பன் சோர்ஸ் உரிமம் இருந்தால், நகல் எடுத்துத் திருத்துவது திருட்டு ஆகாது. ஆனால் பழைய ஆசிரியரின் பெயரையும் உரிமக் குறிப்பையும் அழிக்கக் கூடாது.

2. மறுபடி ஓட வைப்பது

எழுதின நிரல் அப்படியேதானே இருக்கு, அது எப்படிப் பழசாகும்? நிரல் மாறுவதில்லை, அதைச் சுற்றியிருப்பவை மாறுகின்றன. 2012-இல் வந்த அப்பாச்சி 2.4-இல், இணைப்பவரின் முகவரியைக் குறிக்கும் ‘ரிமோட் ஐபி’ என்ற பெயர் ‘கிளையன்ட் ஐபி’ ஆனது. ஒரே ஒரு பெயர் மாற்றம்தான். பழைய பெயரை நம்பியிருந்த மாட்யூல்கள் புதிய சர்வரில் கம்பைல் ஆகவில்லை.

3. தரநிலைப்படி சோதிப்பது

ஓடினால் மட்டும் போதாது, சரியாக ஓட வேண்டும். வெப்சாக்கெட்டைப் பரிசோதிக்க ‘ஆட்டோபான்’ என்ற சோதனைத் தொகுப்பு இருக்கிறது. அதில் 500-க்கும் மேற்பட்ட சோதனைகள். ஒன்று நமக்கு நெருக்கமானது. யூ.டி.எஃப்-8 முறையில் ‘க’ என்ற ஓர் எழுத்துக்கு 3 பைட் தேவை. நீளமான செய்தி துண்டு துண்டாக வரும்போது, எழுத்தின் நடுவிலேயே துண்டு விழலாம். அதைச் சரியாகச் சேர்க்காத மாட்யூலில் நம் தமிழ் வரி கெட்டுப்போகும், அல்லது இணைப்பே அறுந்துவிடும்.

4. யார் கூப்பிடுகிறார்கள் என்று கேட்பது

நீங்கள் ஒரு தளத்தில் லாகின் செய்திருக்கும்போது, வேறொரு மோசடிப் பக்கம் உங்கள் பிரவுசர் வழியாகவே அந்தத் தளத்துக்கு வெப்சாக்கெட் இணைப்பு கேட்க முடியும். அழைப்பு எந்தத் தளத்திலிருந்து வருகிறது என்பதை பிரவுசர் ‘ஆரிஜின்’ என்ற குறிப்பில் அனுப்பும். அதைச் சரிபார்ப்பது சர்வரின் வேலை. பார்க்காமல் விட்டால், உங்கள் பெயரில் இன்னொருவர் பேசிவிடுவார்.

5. நம்பிக்கையைக் காப்பது

இதுதான் கடினமான படி. எக்ஸ்.இஸட். என்ற கோப்புச் சுருக்க மென்பொருளைப் பல ஆண்டுகளாக ஒருவரே பராமரித்து வந்தார். சோர்ந்திருந்த அவருக்கு உதவ ஒருவர் வந்தார். இரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஒழுங்காக வேலை செய்து நம்பிக்கை பெற்றார். பிறகு 2024-இல் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் ரகசியக் கதவு ஒன்றைச் செருகிவிட்டார். சர்வரில் லாகின் ஆக வழக்கத்தைவிட அரை விநாடி கூடுதலாகிறதே என்று ஆண்ட்ரெஸ் ஃபிராயிண்ட் என்ற பொறியாளர் துருவிப் பார்த்ததால்தான் அது வெளிப்பட்டது.

எனவே, கைவிடப்பட்ட மென்பொருளை எடுத்து நடத்துபவர் எல்லா மாற்றங்களையும் வெளிப்படையாகச் செய்ய வேண்டும். இன்னொருவர் படித்துப் பார்த்த பிறகே வெளியிட வேண்டும். தொடர முடியாவிட்டால் அதையும் வெளிப்படையாகச் சொல்லிவிட வேண்டும். சத்தமில்லாமல் விட்டுப்போன மாட்யூல் பூட்டாத வீடு மாதிரி. உள்ளே இருப்பது மற்றவர்களின் தகவல்.

சரி, நாம என்ன செய்யலாம்?

• போனையும் பிரவுசரையும் செயலிகளையும் உடனுக்குடன் அப்டேட் செய்யுங்கள். யாரோ ஒருவர் உட்கார்ந்து சரிசெய்தது அந்த வழியாகத்தான் உங்களிடம் வருகிறது.
• சேவைத் தளங்களில் வேலை முடிந்ததும் லாக் அவுட் செய்யுங்கள்.
• லாகினில் இருக்கும்போது தெரியாத லிங்க்கைத் தொடாதீர்கள்.
• நிரல் எழுதத் தெரிந்த மாணவரா? நீங்கள் பயன்படுத்தும் ஓப்பன் சோர்ஸ் மென்பொருளில் ஒரு பிழையைத் தெளிவாக எழுதி அனுப்புங்கள். தனியாகப் பாரம் சுமப்பவருக்கு அதுவே பெரிய கைகொடுப்பு.