சைலன்சர் மாற்றினால் மைலேஜ் கூடுமா?

வேப்பம்பட்டிலிருந்து சி.டி.எச். சாலையில் ஆவடி, அம்பத்தூர் போய்வரும் ஸ்போர்ட்ஸ் கார், பைக் பிரியர்களே, வேறு சைலன்சர் மாட்டும் முன் இவற்றைக் கவனியுங்கள்:

* சைலன்சரின் பின்பகுதியை மட்டும் மாற்றினால் மைலேஜ் பெரிதாகக் கூடாது. நெரிசலில் ஊர்ந்து போகும்போது எந்த லாபமும் தெரியாது.

* பி.எஸ்.6 வண்டிகளில் கேட்டலிட்டிக் கன்வர்ட்டரைக் கழற்றவே வேண்டாம். நச்சுப்புகையைக் குறைப்பது அதுதான்.

* ஆக்சிஜன் சென்சாருக்கு முன்னால் உள்ள இணைப்பில் கசிவு இருந்தால் வெளிக்காற்று புகும். பெட்ரோல் போதவில்லை என்று இன்ஜின் கம்ப்யூட்டர் கணித்து, கூடுதலாகச் செலுத்தும், மைலேஜ் இறங்கும். 'செக் இன்ஜின்' விளக்கு எரிந்தால் உடனே மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.

* உறுமல் சத்தம் ஆக்சிலரேட்டரை அழுத்தத் தூண்டும். பெட்ரோல் அதிகம் கரைவது அங்கேதான்.

* மாற்றுவதற்கு முன்பும் பின்பும் டேங்கை நிரப்பி ஓட்டி, மறுபடி நிரப்புங்கள். ஓடிய கிலோமீட்டரை, பிடித்த லிட்டரால் வகுத்து ஒப்பிடுங்கள்.

* சத்தமோ புகையோ வரம்பு மீறினால், மோட்டார் வாகனச் சட்டத்தின் 190(2) பிரிவுப்படி முதல் முறையே ரூ.10,000 வரை அபராதமோ 3 மாதம் வரை சிறையோ விதிக்கலாம்.

மைலேஜ்தான் தேவை என்றால், டயரில் சரியான காற்றும் நிதானமான ஓட்டமும் போதும். தெருவோர வீடுகளில் தூங்கும் குழந்தைகளுக்கும் முதியவர்களுக்கும் அதுவே நல்லது.