பொட்டாஷ் உரத்தில் கதிரியக்கமா?

பொட்டாஷ் உரத்தில் கதிரியக்கம் உண்டா? உண்டு. அதற்காக உரமிடாமல் விடலாமா? கூடாது.

மண், மணல், நம் உடல் எல்லாவற்றிலும் இயற்கைக் கதிரியக்கம் உள்ளது. சாம்பல் சத்தான பொட்டாசியத்தில் ஏறத்தாழ பத்தாயிரம் அணுக்களுக்கு ஒன்று காமாக் கதிர் தரும் 'பொட்டாசியம் 40' வகையாகும். ஆனால் சாதாரணமாக ஓர் ஏக்கர் மேல்மண்ணில் பொட்டாசியம் டன் கணக்கில் உண்டு. நாம் இடுவதோ கிலோ கணக்கில்தான். உணவில் மிகுதியாக வருவதையும் உடல் சிறுநீரில் வெளியேற்றிவிடும்.

கேரளத்தின் கருநாகப்பள்ளியில், தோரியம் கலந்த கடற்கரை மணலால் கதிர் அளவு மிக அதிகம். அங்கு சுமார் 70,000 பேரைச் சராசரியாகப் பத்தாண்டுக்கு மேல் கவனித்து, 2009-இல் வெளியான ஆய்வில், இக்கதிரால் புற்றுநோய் கூடியதாகத் தெரியவில்லை.

வேதாரண்யம் பகுதி விவசாயிகள் கவனிக்க வேண்டியது வேறு. மணற்பாங்கான நிலத்தில் பொட்டாஷ் நீரோடு கீழே இறங்கிவிடும். சத்து குறைந்தால் நெற்பயிர் சாயும், பதர் மிகும். எனவே மண் பரிசோதனை செய்து, தேவையான அளவை ஒரே தடவையில் கொட்டாமல், அடியுரமாகவும் மேலுரமாகவும் பிரித்து இடுங்கள்.