நங்கூரமும் சங்கிலியும்

மகாவலி வளைந்தோடும் குண்டசாலையில் வாழும் எமக்குக் கடல் தொலைவு. ஒருநாள் வகுப்பில் ‘நங்கூரம்’ என்னும் சொல்லுக்குப் பொருள் கூறினோம். “சேர், அதை மேலே எடுப்பது எப்படி?” என்று வினவினான் ஒரு மாணவன். விடையறியாது நாணினோம். பின்னர்த் தேடியறிந்ததை இம்மலர் வாயிலாக அவனுக்கும் ஏனையோர்க்கும் கூறுகின்றோம்.

நங்கூரம் தன் நிறையால் மட்டும் தோணியை நிறுத்துவதன்று. நிலத்திற் கொளுவியே நிறுத்துகின்றது. கிடையாக இழுத்தால் ஆழப் பதியும்; மேல்நோக்கி இழுத்தால் பெயரும். ஆதலின் நங்கூரத்தை அடுத்துச் சங்கிலி வேண்டும். அதன் பாரம் இழுவையைத் தாழ்த்தும். பாறையிலும் எளிதில் தேயாது. அதன்பின் நைலோன் கயிறு வரும். அது நீண்டு சுருங்கி அலையின் அதிர்ச்சியைத் தாங்கும். தோணி முனையிலிருந்து கடலடி 10 மீற்றராயின், இரண்டும் சேர்ந்து 50 முதல் 70 மீற்றர் வரை விடுதல் நன்று.

இனி, மேலே எடுத்தல். 8 மில்லிமீற்றர்ச் சங்கிலி மீற்றருக்கு ஏறக்குறைய 1.4 கிலோகிராம். 10 மீற்றர் நேரே தொங்கினால் 14. நங்கூரம் 15 எனின், மொத்தம் 29 கிலோகிராம். ஆடும் தளத்தில் நின்று வெறுங்கையால் இதனை இழுப்பது இடர். சுற்றுப்பொறியின் சில்லு 6 சென்ரிமீற்றர் ஆரையும், கைப்பிடி 30 சென்ரிமீற்றர் நீளமும் உடையதாயின், கைக்கு வரும் பாரம் ஐந்திலொன்று. உராய்வு சிறிது கூட்டும். ஆயின் கை ஐம்மடங்கு தூரம் சுற்ற வேண்டும். பொறி உழைப்பைக் குறைப்பதில்லை, பகிர்ந்தே தருகின்றது.

சில்லின் குழிகள் சங்கிலி வளையங்களுக்குச் சரியாகப் பொருந்த வேண்டும். இல்லையேல் சங்கிலி வழுக்கி விரலைப் பறிக்கும். பின்னோட்டத்தைத் தடுக்கும் பற்றுக்கொளுவியும் இன்றியமையாதது. தோணி நிலைகொண்டபின் இழுவையைப் பொறியில் விடாது, உறுதியான தறியில் மாற்றிக் கட்டுக. கடைமுனையைத் தோணியுடன் கயிற்றாலேயே பிணைக்க. ஆபத்து நேரின் கத்தியொன்றே போதும்.

வல்வெட்டித்துறையிற் கட்டப்பெற்ற ‘அன்னபூரணி’ என்னும் பாய்க்கப்பல் 1938ஆம் ஆண்டில் அமெரிக்காவின் குளொஸ்டர் துறையை அடைந்தது. அதனைக் கட்டியோரும் செலுத்தியோரும் இவ்வறிவைக் கையால் அறிந்தவர்கள். கடற்கரையூர்களிற் பிறந்த எம் பழைய மாணவர்கள் தத்தம் ஊரில் இக்கருவிகளுக்கு வழங்கும் பெயர்களை எழுதியனுப்புவாராக. பெயர் மறைந்தால், அதனோடு அதன் பயனறிவும் மறையும். அடுத்த முறை ஒரு மாணவன் வினவும்போது நாம் நாணாதிருத்தல் வேண்டும்.