வழுக் காத்தலும் கருத்துக் கணிப்பும்

“கண்ணன் வந்தது” என மாணவன் எழுதுவானாயின், திணைவழு என்று சிவப்பு மையாற் கோடிடுகின்றோம். பொருள் விளங்கினும் எழுவாயும் பயனிலையும் இயையாமையின் அது வழுவாயிற்று. இத்தகைய வழுக் காக்கும் முறை கணினி மொழிகளிலும் உண்டு. அதனை ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

கணினிக்கு இடும் கட்டளைத் தொடர் நிரல் எனப்படும். அதில் வரும் தரவுகள் முழுவெண், எழுத்துச் சரம் முதலாகப் பல வகைப்படும். மாணவர் புள்ளிகளைக் கூட்டுதற்பொருட்டுப் பைதன் மொழியில் ஒருமுறை சிறு நிரலொன்று எழுதினோம். 35, 42 என உள்ளிட, 77 என வரவேண்டிய விடை 3542 என வந்தது! விசைப்பலகை வழி வருவதனைப் பைதன் எழுத்துச் சரமாகவே கொள்ளும். இரு சரங்களிடையே இட்ட கூட்டற்குறி அவற்றை ஒட்டிவிடும். கணினி பிழையென்று கூறவில்லை. எம் கண்ணே அதனைக் கண்டது. ஆயிரம் புள்ளிகளிடையே கண் தவறியிருப்பின் என்னாம்?

கைடோ வான் ரொசம் என்னும் ஒல்லாந்து நாட்டவர் ஆக்கிய பைதன் 1991 இல் வெளிவந்தது. அதில் தரவின் வகையை முன்கூட்டிக் குறித்தல் வேண்டுவதன்று. 2015 இல் வந்த 3.5 ஆம் பதிப்பு வகைக்குறிப்புக்களுக்கு முறையான வழி வகுத்தது. குறிப்பெழுதல் விருப்பமேயன்றிக் கட்டாயமன்று. பைதன் தானே அவற்றைச் சோதிப்பதுமில்லை. மைபை, பைரைற் முதலிய கருவிகளே நிரல் இயங்குமுன் சோதிப்பன. “கூட்டுத்தொகை முழுவெண்” என யாம் குறித்துச் சோதித்திருப்பின், அவ்வழு முன்னரே வெளிப்பட்டிருக்கும்.

எவ்வகைக்கும் இடந்தரும் பொதுக்குறிப்பொன்றும் அம்மொழியில் உண்டு. அது நம் வழுவமைதியை நினைப்பூட்டுவது. ஆயின், பசுவை “என் அம்மை வந்தாள்” என்றற்கு உவப்பு என்னும் காரணங் காட்டி அமைதி கூறுவர் இலக்கணகாரர். பொதுக்குறிப்போ காரணங் கேளாது விடுவது. ஆகலின் அதனை மிகுதியும் ஆள்வோர்க்குக் காவல் குறையும்.

நிற்க. நிரலர் இம்முறையை எவ்வாறு மதிக்கின்றனர்? 2024 இல் மெற்றா, மைக்கிரோசொப்ற், ஜெற்பிரெயின்ஸ் நிறுவனங்களைச் சேர்ந்தோர் பைதன் நிரலரிடையே கருத்துக் கணிப்பொன்று நடத்தினர். விடையிறுத்தோர் 1,083 பேர். வகைக்குறிப்பை எப்பொழுதுமோ அடிக்கடியோ ஆள்வதாக 88 வீதத்தினர் கூறினர். பிழை தடுத்தல், நிரலை எளிதில் விளங்கிக்கொள்ளல், எழுதுகருவியின் துணை பெறுதல் என்பன அவர் காட்டிய பயன்கள். பிறர் ஆக்கிய நிரற்றொகுதிகளிற் குறிப்பின்மையும், நுண்ணிய வகைகளை எழுதுதலின் அருமையும், கருவிகளின் வேகக்குறைவும் அவர் கூறிய குறைகள்.

88 வீதம் எனக் கண்டவுடன், பைதன் நிரலர் அனைவரும் அத்தகையர் எனத் துணிதல் தகுமோ? தகாது. விரும்பி முன்வந்தோரே விடையிறுத்தனர். வகைகளிற் கருத்தில்லாதார் அவ்வினாத்தாளைக் கண்டும் கடந்திருப்பர். நூலக வாயிலில் நின்று, “வாசிப்பீரோ?” என வினவி ஊரார் வாசிப்பை அளப்பது போன்றது அது. கல்லூரியைப் பற்றிப் பழைய மாணவரிடம் வினவினும், முந்தி விடையெழுதுவோர் கல்லூரிப் பற்று மிக்காரேயன்றோ?

எனினும் இக்கணிப்புப் பயனற்றதன்று. சார்பு எப்பக்கம் சாய்ந்துள்ளதென அறிந்தால், எதனை நம்பலாம் என்பதும் புலனாகும். புகழ்ச்சியைச் சற்றுக் குறைத்து மதிப்போமாக. குறைகளையோ கூடுதலாக மதிப்போமாக. பகைவன் கூறும் குறையிற் காழ்ப்பிருக்கலாம். நாடோறும் ஆள்வோரே கூறும் குறை தள்ளற்பாலதன்று.

மாணவர்காள்! வீதக் கணக்கொன்று உம்முன் வைக்கப்படும்போது, கூறினோர் எத்துணையர் என்பதோடு அமையாது, கூறாதிருந்தோர் யாவர் என்பதனையும் வினவுக. சொல்லில் வழுக் காத்தல் போலவே எண்ணில் வழுக் காத்தலும் கற்றார் கடனாம்.